மூன்று சுற்றுக் கயிறு

அந்த அக்காவுக்கு முன்னால் ஒருவரைப் பற்றித் "தங்கமான மனிசன்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் துலைந்தோம். கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, "தங்கமோ? அப்ப ஆளைப் பெட்டிக்கை வைச்சுப் பூட்டி வைக்கிறவையோ?" என்று கேட்பார். கேலிக்குக் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் உண்மையாகவே கேட்பார். பதில் வரும்வரை நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசியில். தர்மபுரத்தில் காடு வெட்டிக் காணி கொடுத்துக் குடியேற்றிய காலம். அங்கே ஆளை அறிய இலக்கம் போதும். நாங்கள் பதினெட்டாம் காணி. வேலிக்கு அந்தப் பக்கம் பதினேழு. எனக்கு அவர் பதினேழாம் காணி அக்கா. சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால், "அந்தப் பேருக்கும் எனக்கும் என்ன பொருத்தம்?" என்று எங்கே இருக்கிறாரோ அங்கிருந்தே கேட்பார்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். முள்ளியவளைப் பக்கத்துப் பிறப்பு. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போவார். நெல் குத்துவதிலோ ஆடு வளர்ப்பதிலோ மற்றவர்களைவிட ஒன்றும் திறமானவர் அல்லர். ஆனால் குடியேற்றத்தில் ஒரு செத்தவீடு என்றால் முதலில் அவருக்குத்தான் ஆள் ஓடும். ஒப்பாரி சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. ஒரு சதம் வாங்கமாட்டார். சொந்தக்காரர்தான் கூப்பிட வேண்டும் என்றும் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்வதுபோல நேரே பிரேதத்தடிக்குப் போகமாட்டார். பின்பக்கத்தால் அடுப்படிக் குசினிக்குள் போவார். அங்கே இருக்கிற பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். மனிசன் காலமையில் எழும்பி முதல் என்ன செய்வார்? நாயை எப்படிக் கூப்பிடுவார்? கோபம் வந்தால் எதைத் தூக்கி எறிவார்? செத்தவீட்டில் இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிலருக்கு எரிச்சல் வரும். அவர் கவலைப்படமாட்டார். கேட்டு முடித்த பிறகுதான் வந்து பெண்களோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருவார்.

இருபத்துமூன்றாம் காணிக்காரர் செத்தபோது நானும் போயிருந்தேன். தண்ணீருக்காக அந்தாள் சண்டை பிடிக்காத வீடு குடியேற்றத்தில் இல்லை. பெண்கள் வழக்கம்போலத் "தேரே, முத்தே, தங்க விளக்கே" என்று தொடங்கினார்கள். வெளியே இருந்த ஆண்கள் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை. பிறகு அக்கா தொடங்கினார்.

மண்வெட்டி தோளிலை வைச்சு – என்ரை ஐயா
மடை மடையாய் நடந்தவரே
ஆரின்ரை தண்ணியெண்டு – என்ரை ஐயா
அடிபிடிக்கு நிண்டவரே
இண்டைக்கு மடை திறந்து கிடக்கு – என்ரை ஐயா
ஏனெண்டு கேக்க ஆளில்லையே

முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு கதை நின்றது. அந்த மனிதரோடு வாய்க்காலடியில் மண்டை உடைபட்ட ஒருத்தர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். தேரும் முத்தும் செய்யாததை ஒரு மண்வெட்டி செய்துவிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது! நான் யாழ்ப்பாணத்தில் படித்து, பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள். கலியாணம் முடிந்து இந்தக் காட்டுக்கு வந்த முதல் கிழமை, வேலியடியில் நின்று, "இது ஒரு நரகம் அக்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நரகத்திலை தண்ணி கிடையாதெல்லோ பிள்ளை? உமக்குக் கிணறு கிடக்கு. நல்ல தண்ணி."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனான்."

"பேச்சுக்குச் சொல்லாதையும். என்ன கஸ்டமெண்டு சொல்லும். யானைப் பயமோ, நுளம்போ, கதைக்க ஆளில்லையோ?"

கதைக்க ஆளில்லை என்பதுதான் உண்மை. அதை அவர் வாயால் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது, கோபமும் வந்தது. "விசர் மனிசி" என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாருக்கும் அவருக்கும் நடந்தது வேறு கதை. பெரிய உத்தியோகத்தர் ஒருவர் குடியேற்றத்தைப் பார்க்க வந்தபோது வாத்தியார் ஒரு வாழ்த்துப்பா எழுதிப் படித்தார். "கடல்போல் பரந்த மனம் படைத்தவரே" என்று அதில் ஓரடி. எல்லாரும் கை தட்டினோம். சோடா கொடுக்கிற நேரத்தில் அக்கா வாத்தியாருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மாஸ்டர், கடல் எண்டு பாடிப்போட்டியள். கடல் தண்ணியிலை ஒரு கதிர் விளையுமோ? குளமெண்டு பாடியிருக்கலாம். அந்த மனிசனுக்கும் எங்களுக்கு என்ன வேணுமெண்டு விளங்கியிருக்கும்."

உத்தியோகத்தர் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டுச் சோடா புரையேறச் சிரித்தார். வாத்தியார் ஒரு மாதம் பதினேழாம் காணி வழியால் சைக்கிள் ஓடவில்லை, சுற்றிப் போனார். அவருடைய பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். என்னைக் கண்டபோது, அதற்கு உயர்வு நவிற்சி அணி என்று பெயர், உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது கவிதைக்கு அழகு, இதெல்லாம் அந்த மனிசிக்கு எங்கே விளங்கும் என்றார். நான் கெட்டித்தனமாகப் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"பேர் நல்லாய்த்தான் கிடக்கு" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் மிகைப்படுத்துவது அவருக்குத் தெரியாததல்ல. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலில் போனபோது, குளம் வற்றிப்போச்சு, கொக்கெல்லாம் பறந்து போச்சு என்று பாடினார். அது மாரி காலம். குளம் முட்டி வழிந்துகொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில், இன்றைக்குப் பிடித்தேன் ஆளை என்று நினைத்துக்கொண்டு, "அது பொய்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"அந்தத் தாய்க்கு வத்தித்தான் கிடந்தது" என்றார்.

சங்கக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் ஒரு பெண்ணின் முகத்தை நிலவு என்று யாராவது பாடினால், அரிசிக்கு நிற்கிற வரிசையில் நின்றபடியே, "நிலவிலை மறு கிடக்கு. இவளுக்கும் முகத்திலை மறு கிடக்கோ? கிடந்தால் நல்ல பாட்டு" என்பார். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

ஒப்பாரியில் ஒரே அடியை ஏன் மூன்றுதரம் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அது அலுப்பாக இருந்தது. கட்டுரையில் சொன்னதையே திருப்பிச் சொன்னால் புள்ளி குறைப்பார்கள். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே சொன்னார்:

"முதல்தரம் பாடேக்கை சனம் குடையை எங்கை வைக்கிறதெண்டு பாத்துக்கொண்டு நிக்கும். இரண்டாந்தரம்தான் காதிலை விழும். மூண்டாந்தரம்தான் அது தங்கடை கதையெண்டு விளங்கும்."

அவருடைய வீட்டுக்காரர் வாய் திறக்காத மனிதர். பதினெட்டு வருடம் ஒன்றாய்க் குடித்தனம். "அண்ணை எதை மாதிரி அக்கா?" என்று ஒருதரம் சீண்டினேன். கிணற்றுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி கனநேரம் நின்றார். வாளி பாதியில் தொங்கியது.

"இன்னும் பிடிபடேல்லை பிள்ளை" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் தாலி போய்ச் சிக்கியது.

கலியாணமாகி எட்டு மாதம். மார்கழி. என் வீட்டுக்காரர் இரட்டை மாட்டு வண்டிலில் அரிசியும் பூசணிக்காயும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போனார். அங்கே கொடுத்துவிட்டுக் கருவாடு மாற்றிக்கொண்டு வருவது வழக்கம். போகிற அன்று ஒரு சின்னச் சண்டை. என்ன சண்டை என்று இப்போது நினைவில்லை, ஆனால் நான் முகம் கொடுத்துக் கதைக்காமல் அனுப்பினேன். அடுத்த நாள் புயல். எங்கள் கூரையில் பாதி போனது. கரைப்பக்கம் கடலும் அதையொட்டிய களப்புத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது, தெரு பல இடத்தில் உடைந்துவிட்டது என்று கதை வந்தது. அவர் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்பதாம் காணிக்காரர் தேடிப் போனார். நல்ல மனிதர், நெஞ்சுமட்டத் தண்ணீருக்குள்ளால் நடந்து போயிருக்கிறார். திரும்பி வந்து முற்றத்தில் நின்று சொன்னார். வட்டுவாகலுக்குக் கிட்ட, களப்புக் கரையில் கண்டல் பற்றைக்குள் எங்கள் வண்டில் சரிந்து கிடக்கிறது. இடப்பக்கத்து மாடு நுகத்தோடு செத்துக் கிடக்கிறது. மற்ற மாட்டைக் காணவில்லை. ஆளையும் காணவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமியும் அவருடைய மூத்த மகனும் வந்தார்கள். மாமியைக் குறை சொல்லமாட்டேன். பெற்ற வயிறு. மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு ஒரே பிடியாகப் பிடித்தார்: பிள்ளையின் உடம்புக்குக் கொள்ளி இல்லை, கிரியையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் அவன் அலைந்து திரிவான். ஐயரைக் கூப்பிட்டார்கள். ஐயர் கணக்கைத் தெளிவாகச் சொன்னார்.

"தண்ணி கொண்டுபோனது நிச்சயமெண்டால் தர்ப்பையிலை உருவம் செய்து தகனம் செய்யலாம். காணாமல் போனதெண்டால் பொறுக்கவேணும், வருசக்கணக்காய்ப் பொறுக்கவேணும். எதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

மூத்தவர் ஒன்பதாம் காணிக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணிதான் கொண்டுபோட்டுது ஐயா" என்றார். அதோடு முடிந்தது. பன்னிரண்டாம் நாள் காலமை கிரியை. அன்றைக்கே என் தாலியும் கழற்றுவது. எனக்கு இருபத்தொரு வயது. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலை ஒன்று மடித்தபடி கதிரையில் கிடந்தது. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கிரியையன்று காலமையில் அக்கா வந்தார். வழக்கம்போலப் பின்பக்கத்தால். குசினிக்குள் வந்து எனக்கு முன்னால் குந்தினார்.

"சொல்லும் பிள்ளை. எப்பிடி மனிசன்?"

"தங்கமான மனிசன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அன்றைக்கு அவர் அந்தப் பெட்டிக் கேள்வியைக் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

"நல்லவர். அன்பானவர்..."

"பிள்ளை, இதை நான் ஆருக்கும் பாடலாம். வேலியிலை நிக்கிற ஆருக்கும் பாடலாம். உம்மடை மனிசன் வீட்டை வந்தால் முதல் என்ன செய்வார்?"

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. எட்டு மாதத்தில் அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்ததைக் கொட்டினேன்.

"என்னைப் பாக்கமாட்டார். நான் வாசலிலை தண்ணிச் செம்போடை நிப்பன். திரும்பியும் பாக்கமாட்டார். முதல் மாட்டை அவிட்டுவிடுவார். மாட்டை நுகத்தோடை பூட்டுற அந்தப் பூட்டாங்கயிறை மூண்டு சுத்துச் சுத்தி நுகத்திலை கொழுவுவார். என்ன அவசரமெண்டாலும் மூண்டு சுத்து. அதுக்குப் பிறகுதான் நான் ஒருத்தி நிக்கிறது கண்ணிலை படும். மாட்டைக் கட்டியிருக்கலாம், என்னை ஏன் கட்டினவரெண்டு கேட்டுச் சண்டை பிடிச்சிருக்கிறன்."

சொன்னதும் ஐயோ என்றிருந்தது. செத்த மனிதனைப் பற்றி இதையா சொல்வது! அக்கா என் தலையைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் வைத்தார். "காணும், இவ்வளவும் போதும்" என்றார்.

முற்றத்தில் பந்தல். ஒரு பக்கம் ஐயர் தர்ப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் வாங்கில்களில் இருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் போட்டு, மாமி பக்கத்து உறவுப் பெண்கள் தொடங்கினார்கள். அறுந்த கயிறாய்ப் போனாயோ, ஒடிந்த மரமாய்ப் போனாயோ என்று எல்லாருக்கும் பாடுகிற அதே பாட்டு. நான் நடுவில் மரக்கட்டைபோல் இருந்தேன். பிறகு அக்காவின் குரல் எழும்பியது.

வந்து தண்ணி கேக்கமாட்டீர் – என்ரை துரையே
வாசலிலை நிண்டவளைப் பாக்கமாட்டீர்
மாட்டை முதல் அவிட்டுவிட்டு – என்ரை துரையே
மூண்டு சுத்துக் கயிறு சுத்தி
நுகத்திலை கொழுவின கை எங்கை?

பன்னிரண்டு நாளில் அப்போதுதான் நான் வாய்விட்டுக் குழறி அழுதேன். கண்ணுக்கு முன்னால் அந்தக் கை வந்துவிட்டது. மாமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஓம், என்ரை பிள்ளை சின்னனிலையும் அப்பிடித்தான்" என்று கத்தினார்.

முதல்தரம் பாடியபோது ஆண்கள் பக்கம் வெற்றிலைத் தட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாந்தரம் பாடியபோது ஒன்பதாம் காணிக்காரர் தலையைத் தூக்கியதை, அழுகைக்கிடையிலும், கண்டேன். மூன்றாந்தரம் "மூண்டு சுத்துக் கயிறு" என்று வந்ததும் மனிதர் எழும்பினார். வெற்றிலைத் தட்டம் காலில் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. ஆண்கள் ஒப்பாரி வட்டத்துக்குள் வருவதில்லை. அவர் பெண்களை விலக்கிக்கொண்டு நடுவுக்கே வந்துவிட்டார்.

"பொறுங்கோ! பாட்டை நிப்பாட்டுங்கோ! அந்தக் கயிறு அப்பிடித்தான் கிடந்தது."

"எந்தக் கயிறு?" என்று அக்கா கேட்டார்.

"வலப்பக்கத்து மாட்டின்ரை. நுகத்திலை சுத்திக் கொழுவிக் கிடந்தது. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"அதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லையே! ஆளைக் கேட்டினம், மாட்டைக் கேட்டினம். கயிறைப் பற்றி ஆர் கேட்டது? எனக்கும் அது ஒரு பெரிய விசயமாய்ப் படேல்லை."

முதலில் சுதாரித்துக்கொண்டவர் மூத்தவர்தான். அவர் எழும்பி, இதெல்லாம் வீண் கதை, தண்ணீரில் அடிபட்டுக் கயிறு தானாய்ச் சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் போற வாறவன் எவனாவது சுற்றியிருப்பான், பாவம் இந்தப் பிள்ளைக்கு ஏன் வீண் ஆசை காட்டுகிறீர்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஐயரின் கை தர்ப்பையில் அப்படியே நின்றது.

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அப்போதுதான் அது எனக்கே நினைவுக்கு வந்தது. நான் எழும்பி நின்றேன்.

"அண்ணை, கயிறின்ரை முனை எங்கை கிடந்தது?"

ஒன்பதாம் காணிக்காரர் கண்ணை மூடி யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

"முனை... தொங்கேல்லை தங்கச்சி. சுத்துக்குள்ளை செருகிக் கிடந்தது. கீழையிருந்து மேலை."

"அது அவர்தான்" என்றேன். "கீழையிருந்து மேலை செருகுறது அவர் மட்டும்தான். என்னை அதை அவிட்டுத் தரச்சொன்னால் எனக்கு நகம் நோகும். அவர்தான் அவிட்டவர். வண்டில் சரிஞ்ச பிறகு அவர் உயிரோடை நிண்டவர்."

ஐயர் தர்ப்பையைச் சேர்த்துக் கட்டினார். "அப்ப இது காணாமல் போன கணக்கு. நான் செய்யமாட்டன்" என்று எழும்பினார். மாமி ஐயரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு கதிரையில் கிடந்த வெள்ளைச் சேலையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், கொண்டுபோய்க் குசினிக்குள் உமி மூட்டைக்குப் பின்னால் போட்டார். நான் தாலியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே நான்கு பேர் மறுபடியும் தேடப் போனார்கள். குடியேற்றம் முழுக்க அக்காவுக்கு அருள் வந்தது என்று கதை பரவியது. வற்றாப்பளை அம்மன் நாவில் நின்று பாடினாள் என்று ஒருத்தி தேங்காயும் வெற்றிலையும் கொண்டுவந்தாள். அக்கா சீறிவிழுந்தார்.

"அருளுமில்லை மருளுமில்லை. கேட்டனான். சொன்னா. சொன்னதைப் பாடினன். பேய்க்கதை கதையாமல் தேங்காயைக் கறிக்குப் பாவியுங்கோ."

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. உயிரோடு நின்றவர் அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார் என்று யார் சொன்னது? அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தேன். அதுவும் போதாமல், மூன்றாம் நாள் வேலியடிக்குப் போய் அக்காவிடம் மன்றாடினேன்.

"அக்கா, அவர் வருவாரெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. பட்டிக்கு மாடு திரும்பி வாறமாதிரி வருவாரெண்டு ஏதாவது சொல்லுங்கோ. உங்களுக்கு வராத சொல்லோ!"

"தெரியாததுக்கு நான் உவமை சொல்லமாட்டன் பிள்ளை."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வேலியில் இரண்டு மட்டையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அன்று பொழுதுபடும்வரை எனக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு சொல் பேசாமல், எங்கள் கூரைக்குக் கிடுகு பின்னினார். நானும் பின்னினேன்.

நான்காம் நாள் பின்னேரம், வெயில் சாயத் தொடங்கிய நேரம், தெருவில் ஒரு மணிச்சத்தம். எனக்குத் தெரிந்த மணி. எங்கள் வலப்பக்கத்து மாடு சிவலையின் மணி. கையிலிருந்த கிடுகைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடி வாசலில் நின்றுவிட்டேன்.

எங்கள் வண்டில் இல்லை, வேறு வண்டில். கழுத்தில் சிலுவை தொங்குகிற ஒரு கரையோரத்து மனிதர் ஓட்டிக்கொண்டு வந்தார். நுகத்தில் ஒரு பக்கம் அவருடைய வெள்ளை மாடு. மற்றப் பக்கம் சிவலை. பின்னால் வைக்கோலில், ஒரு காலில் பலகை வைத்துக் கட்டி, தாடியும் கோலமுமாக, இவர்.

கதை எல்லாம் பிறகுதான் கேட்டோம். வண்டில் சரிந்ததில் இவருடைய கால் முறிந்துவிட்டது, இடப்பக்கத்து மாடு ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது. சிவலையை அவிழ்த்து அதன் வாலைப் பிடித்துக்கொண்டு களப்பில் போயிருக்கிறார். மற்றக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பம் ஒன்று இவரைத் தூக்கிக்கொண்டுபோய், காய்ச்சல் விடும்வரை தங்கள் வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறது. தெரு உடைந்ததால் சொல்லியனுப்ப வழியில்லை. தேடிப் போன நான்கு பேரும் பாதி வழியில் இந்த வண்டிலைக் கண்டு கூடவே நடந்து வந்தார்கள். அதெல்லாம் பிறகு.

அந்த நேரம் மாமி முற்றத்தில் விழுந்து கும்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். மூத்தவர் அழுதுகொண்டு சிரித்தார். நான் வாசலில் நின்றேன். என் கையில் தண்ணீர்ச் செம்புகூட இல்லை.

இவர் ஒரு தடியை ஊன்றி இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டு முன்பக்கம் போனார்.

"விடுங்கோ அண்ணை, நான் அவிட்டுவிடுறன்" என்று அந்தக் கரையோரத்து மனிதர் பதறினார். இவர் கேட்கவில்லை. சிவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். கயிற்றை அவிழ்த்தார். தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நுகத்தில் சுற்றத் தொடங்கினார்.

"ஒண்டு" என்றது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா மட்டைக்கு மேலால் எட்டிக்கொண்டு நின்றார்.

"இரண்டு."

அவருடைய குரல் உடைந்தது. எத்தனையோ செத்தவீட்டில் உடையாத குரல்.

"மூண்டு."

இவர் முனையைக் கீழேயிருந்து மேலே செருகினார். செருகிவிட்டு, நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.